இல்லாதவருக்கு ஒரு நாற்காலி

இல்லாத ஓர் ஆளைப் பார்த்துவிடுவது என்று கிடங்குக்காரர் தீர்மானித்தது ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது. வாழ்க்கையில் அவராக எடுத்த பெரிய தீர்மானங்கள் குறைவு. கல்யாணம்கூட மற்றவர்கள் கூடி எடுத்த தீர்மானம்தான். அதனால் இதை ஜன்னலோரமாக உட்கார்ந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற அளவுக்கு ஆழ்ந்து யோசித்து எடுத்தார்.

அவருக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். ஆப்பிளும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மாதக்கணக்கில் தூங்குகிற இடம் அது. காலையில் லாரி வரும், சாயங்காலம் லாரி போகும். நடுவில் அவரும் மூட்டைகளும்தான். காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு அறை அறையாகப் போவார், வெப்பமானியைப் பார்ப்பார், கனத்த கதவை இழுத்துச் சாத்துவார், அடுத்த அறைக்குப் போவார். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் ஆவி வரும். ஊர்க் காய்கறிக்கெல்லாம் ஐஸ் வைத்தாலும் வீட்டில் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனிதர்.

அவருக்கு இருந்த ஒரே சொகுசு ஒரு டிவி தொடர். பெயர் 'கடைக்கோடி நிலையம்'. விண்வெளியின் கடைசி முனையில், போகிற வருகிற கலங்களுக்கு விளக்குக் காட்டுகிற ஒரு நிலையத்தின் கதை. அதற்கு ஒரு ரசிகர் சங்கமும் இருந்தது. சங்கம் என்றால் பெரிய சங்கம் இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரம்மா, எந்த வாக்கியத்தையும் முடிக்காததால் 'கமா' என்று பெயர் வாங்கிய ஒரு பாங்க் காசாளர், அப்புறம் நம் கிடங்குக்காரர். ஞாயிறு காலையில் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கிடங்குக்காரரைப் பொறுத்தவரை பல் டாக்டர் என்பவர் மார்பளவில் முடிந்துவிடுகிற ஒரு மனிதர்.

அந்த வாரம் வந்த எபிசோடு சங்கத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது. நிலையத்தில் ஒரே ஒரு காவலாளி. வருஷக்கணக்கில் தனியாக இருக்கிறான். திடீரென்று அங்கே ஒரு சமையல்காரர் தோன்றுகிறார். சமைக்கிறார், பரிமாறுகிறார், தட்டுக் கழுவுகிறார். காவலாளி பேச, அவர் கேட்கிறார். கடைசியில் மீட்புக் கலம் வந்து கதவு திறக்கும்போது, கழுவிய தட்டு இரண்டு பளபளவென்று தெரிய, படம் இருட்டாகிவிடுகிறது. அந்தச் சமையல்காரர் நிஜமா, பிரமையா? வாட்ஸாப்பில் வாரம் முழுக்க இதே சண்டை.

"பிரமைதான் சார்," என்றார் பல் டாக்டர். "தனிமையில மூளை தனக்குத்தானே ஒரு துணையை உண்டாக்கிக்கும்."

"தனிமையைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க," என்றார் கிடங்குக்காரர். "நான் நாள் பூரா உருளைக்கிழங்கோட இருக்கேன். இதுவரைக்கும் ஒரு கிழங்குகூட எங்கிட்டப் பேசினதில்லை. சமையல்காரர் நிஜம்."

"நான் என்ன நினைக்கறேன்னா, ரெண்டு பேர் சொல்றதுலயும்," என்றார் கமா.

ஞாயிற்றுக்கிழமை நேரடியாக மோதி முடிவு கட்டுவது என்று ஏற்பாடு. கிடங்குக்காரர் வாதங்களை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது.

அவர் மனைவிக்கு, துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் மாட்டிக்கொண்டு, ஊரார் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் வீட்டுக்கு வந்தாலும் உயராது. கோபக்கார மனைவியிடமிருந்து தப்பிக்க ஆயிரம் வழி உண்டு. பொறுமையாகக் கேட்டுக்கொள்கிற மனைவியிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு," என்று மெதுவாக ஆரம்பித்திருந்தார், வியாழக்கிழமை.

"கூட்டணும்தான். ஹால் ஓரமெல்லாம் ஒரே தூசி. விளக்குமாறு கதவுக்குப் பின்னாடி."

"அந்தக் கூட்டம் இல்லம்மா. எங்க சங்கக் கூட்டம்."

"அதை இன்னொரு நாள் வச்சுக்கச் சொல்லுங்க. அன்னிக்கு அண்ணன் வீடு மாத்தறாங்க. மூணாவது மாடி. அலமாரி தூக்க ஆள் வேணுமாம். நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன்."

மச்சானுக்கு பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை. வீட்டிலும் அவர் பேசமாட்டார், அறிவிப்பார். அவரோடு அரைமணி நேரம் இருந்தால் காது ஒரு வாரத்துக்கு ரீங்காரம் போடும். அவரையும் அலமாரியையும் ஒன்றாகத் தாங்க கிடங்குக்காரரால் முடியாது. அதனால்தான் பஸ்ஸில் அந்தத் தீர்மானம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஹால் சுவரையே வெறித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அங்க? பல்லியா?"

"உனக்குத் தெரியலையா?"

"எது?"

"ஒருத்தர் நிக்கறாரே."

மனைவி சுவரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இந்தப் பிரச்சினை?"

அலறலுக்குத் தயாராக வந்திருந்தார் கிடங்குக்காரர். அழுகைக்கும் தயார். கேள்விக்குத் தயாராக இல்லை.

"ஒரு... பத்து நாளா."

"தொடர்ந்து வருதா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டு."

"சத்தம் ஏதாவது?"

"இல்லை. அமைதியான ஆள்."

"கீழே தண்ணி ஒழுகுதா?" என்று கேட்டுவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, வாய்ப்பழக்கம்," என்றார் மனைவி. "ஆள் எப்படி இருக்கார்?"

"நடு வயசு. இடுப்புல துணி கட்டியிருக்கார். பார்த்தா சமையல்காரர் மாதிரி."

"என்ன பேசறார்?"

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. யோசிக்காமலே பதில் வந்தது.

"பெருசா ஒண்ணும் இல்லை. காலையில கிடங்குக் கதவைத் திறந்தா, 'வந்துட்டீங்களா, இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல'ம்பார். மத்தியானம் டப்பாவைத் திறந்தா, 'சாப்பாடு நல்லா இருக்கா'ம்பார். அவ்வளவுதான்."

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலுவலகக் குரல் திரும்ப வந்தது.

"உங்க சிரமம் புரியுது."

தூண்டிலில் மீன் விழுந்துவிட்டது என்று கிடங்குக்காரருக்குத் தோன்றியது. "எல்லாம் தனிமையில வர்ற பிரமை," என்று விளக்கினார். "அந்த எபிசோடுலகூட இதேதான் வருது. அதனால ஞாயித்துக்கிழமை அலமாரி, கட்டில்னு உடம்பை அலட்டிக்காம, வீட்டுலயே தனியா, அமைதியா..."

"தனிமையில வந்ததுக்குத் தனிமையே மருந்தா?"

கிடங்குக்காரர் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அதை அப்புறம் பேசலாம்," என்றார் மனைவி. "முதல்ல அவரை உட்காரச் சொல்லுங்க. வந்தவரை நிக்க வச்சே பேசிட்டிருக்கோம்." சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது என் நாற்காலி."

"வீட்டுக்கு வந்தவரைத் தரையிலயா உட்கார வைக்கிறது?"

அன்றிலிருந்து கிடங்குக்காரர் தரையில். சனிக்கிழமை காலையில் அசதியாக அந்த நாற்காலியில் உட்காரப் போனவரை, "பார்த்து, பார்த்து, அவர் மடியில உட்கார்ந்துடாதீங்க," என்று மனைவி தடுத்துவிட்டார். டிவி ரிமோட்டும் நாற்காலியின் கைப்பிடிக்குப் போய்விட்டது.

"என்ன பார்க்கணும்னு கேளுங்க."

"'கடைக்கோடி நிலையம்' பழைய எபிசோடு பார்க்கணுமாம்."

"சமையல்காரர்னீங்களே? சமையல் நிகழ்ச்சிதானே பார்ப்பார்?"

சமையல் நிகழ்ச்சி ஓடியது. மத்தியானம் மூன்று தட்டு வைக்கப்பட்டது. மூன்றாவது தட்டில் எல்லாமே கொஞ்சம் அதிகமாக விழுந்தது.

"அவருக்கு எதுக்கு இவ்வளவு? அவர்தான் இல்லையே."

"இல்லாதவருக்குக் குடுக்கறது புண்ணியம்ங்க," என்றார் மனைவி. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "கூச்சப்படறார்போல," என்று அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரே சாப்பிட்டு முடித்தார்.

இல்லாத ஆளுக்கும் இல்லாளுக்கும் நடுவில் கிடங்குக்காரர் இளைத்துக்கொண்டே வந்தார்.

சாப்பாடு ஆனதும் அடுத்தது வந்தது. "சும்மா உட்கார்ந்திருக்கறது அவருக்கே சங்கடமா இருக்கும். வேலை செஞ்சு பழகின ஆள். பாத்திரம் தேய்ப்பாரான்னு கேட்டுப் பாருங்க."

மாட்டேன் என்கிறார் என்று சொல்லலாம். ஆனால் எபிசோடில் சமையல்காரர் தட்டுக் கழுவுகிற அழகைப் பற்றி, மனைவி காதுபடவே, சங்கத்தில் கால்மணி நேரம் பேசியிருந்தார். "தேய்ப்பாராம்," என்றார், ஈனமான குரலில்.

"நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அவர் நிம்மதியாத் தேய்க்கட்டும்."

மனைவி திரும்பி வந்தபோது சிங்க் காலியாக இருந்தது. அடிப்பிடித்த குக்கர்கூட முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராகப் பிரம்பு நாற்காலியின் முன்னால் போய் நின்றார்.

"ரொம்ப நன்றிங்க. இந்த வீட்டுல எனக்கு இப்படி ஒரு ஒத்தாசை கிடைச்சதே இல்லை."

ஊறிச் சுருங்கிய விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கிடங்குக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி தனக்கு இப்படி ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லையே என்று முதலில் கோபம் வந்தது. அப்படிச் சொல்லும்படி தான் என்ன செய்தோம் என்று தேடிப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது.

ஆனாலும் இந்த ஆளை இனி வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று பட்டது.

"அவர் போயிட்டார்போல இருக்கு," என்றார் சாயங்காலம்.

"எப்ப?"

"இப்பத்தான். வாசப்பக்கமா."

"அப்ப குணமாயிடுச்சு. நாளைக்கு அண்ணன் வீட்டுக்குத் தாராளமா வரலாம்."

"...வாசல் வரைக்கும்தான் போனார். திரும்பி வந்துட்டார்."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரா வந்தா அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம்."

கிடங்குக்காரர் காலி நாற்காலியை முறைத்தார்.

"உங்களைத் தனியா விட எனக்கு மனசு வரலைங்க," என்றார் மனைவி. "ஆமா, உங்க சங்கத்துல ஒரு டாக்டர் இருக்கார்னீங்களே, அவர் நல்லவரா?"

"பல் டாக்டர். பிரமைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

ஞாயிறு காலை மச்சானின் புது வீட்டு மாடிப்படியில், அலமாரியின் கீழ்ப்பக்கம் கிடங்குக்காரர் தோளில் இருந்தது. மேல்பக்கத்தை மச்சான் பிடித்திருந்தார். மச்சானின் குரல் மாடி மாடியாக எதிரொலித்தது.

"கவனத்திற்கு. தேக்கு அலமாரி இப்போது இரண்டாவது மாடித் திருப்பத்தை வந்தடைகிறது. மாப்பிள்ளை இடது பக்கம் சாய்க்கவும்."

"இடம் இல்லை மச்சான்."

"இடம் இல்லாதவர்கள் சுவரோடு ஒட்டி நிற்கவும்."

சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடங்குக்காரர் மூச்சு வாங்கினார். அங்கே, போனில், இந்நேரம் கூட்டம் ஆரம்பித்திருக்கும். அவர் இல்லாமலே சமையல்காரரைப் பிரமை என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள். தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

படியடியில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

முழுசாக நின்றுகொண்டிருந்தார். இடுப்பு இருந்தது. கால் இருந்தது. காலில் நீல ஷூ இருந்தது. அவருக்குப் பின்னால் தையல்காரம்மா, கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு. அவருக்கும் பின்னால் குடையோடு கமா.

விளையாட்டுக்குச் சொன்னது பலித்துவிட்டது என்று கிடங்குக்காரர் நினைத்தார். வருஷக்கணக்காகக் குளிரில் தனியாகக் கிடந்ததற்கு மூளை இப்போதுதான் கணக்குத் தீர்க்கிறது. அதுவும் ஒருத்தர் இல்லை, மூன்று பேர். பிடி நழுவியது. அலமாரி ஒரு படி இறங்கி, மச்சானையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்," என்றது மேலிருந்து ஒரு முனகல்.

பக்கத்தில் மெத்தையைச் சுமந்துகொண்டு நின்ற மனைவியிடம் கிடங்குக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, கீழே யாராவது நிக்கறாங்களா?"

மனைவி எட்டிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"எந்த இடத்துல?"

"அங்கதான். படிக்குக் கீழே. நீல ஷூ."

"உங்க சிரமம் புரியுது," என்றார் மனைவி.

அந்தச் சில நொடிகள் கிடங்குக்காரருக்கு ஒரு சீசன் நீளத்துக்கு ஓடின. கண்ணில் நீர் கட்டிவிட்டது. மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் மனைவிக்கே தாங்கவில்லை.

"வாங்க டாக்டர், வாங்க," என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். "வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

சனிக்கிழமை 'கடைக்கு' என்று கிளம்பியவர் முதலில் பல் டாக்டரின் கிளினிக்குக்குத்தான் போயிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு உங்க எபிசோடுல வர்ற மாதிரியே ஆயிடுச்சு, இதைப் பத்தி உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். பல் டாக்டர் மற்ற இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார். தையல்காரம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கமா ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்திருந்தார், குடையோடு, மழையே இல்லாத நாளில்.

"சார், கவலைப்படாதீங்க," என்று பல் டாக்டர் படியேறி வந்து அலமாரியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். "நாங்க இருக்கோம். ஆனா ஒண்ணு. சமையல்காரர் நிஜம்னு அவ்வளவு சண்டை போட்டீங்களே. இப்ப உங்களுக்கே வந்துடுச்சு. ஒத்துக்கறீங்களா, பிரமைன்னு?"

அப்போதுதான் கிடங்குக்காரருக்குத் தன் நிலைமை புரிந்தது. ஆள் தெரிகிறார் என்று சொன்னால் வாதம் தோற்றது. தெரியவில்லை என்று சொன்னால் மானம் போனது.

"எதையும் அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க," என்றார் தையல்காரம்மா, அலமாரியின் இன்னொரு மூலைக்குத் தோள் கொடுத்துக்கொண்டே. "தட்டு ரெண்டு இருந்துச்சே? பிரமை வந்து தட்டுக் கழுவுமா?"

"கழுவினது காவலாளிதாங்க. அவனே ரெண்டையும் கழுவிட்டு, இன்னொருத்தர் கழுவினார்னு நம்பறான்."

கிடங்குக்காரர் நேற்று ஊறிய விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"விவாதம் செய்வோர் மேல்நோக்கி நகர்ந்தபடி விவாதிக்கவும்," என்றார் மச்சான்.

நகர்ந்தபடியே விவாதித்தார்கள். அலமாரி போனது, கட்டில் போனது, ஃப்ரிட்ஜ் போனது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு வாதம் நின்று மூச்சு வாங்கியது. மச்சானின் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்ததும் தையல்காரம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டை.

"போன்ல நீங்க பேசறப்ப பல்லு டகடகன்னு அடிச்சுக்கற சத்தம் கேட்கும்," என்றார். "ஞாயித்துக்கிழமைகூட உங்களுக்குக் குளிர் விடலை போலன்னு நினைச்சுப்பேன். ரொம்ப நாளா தைக்கணும்னு. நேத்து ராத்திரி முடிச்சிட்டேன்."

கமா குடையைத் தரையில் ஊன்றினார். "நீங்க பேசாத வாரம் கூட்டம் நல்லாவே இருக்காது," என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கமா ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டார் என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கிடங்குக்காரர் மேல்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மூன்று பேரிடம் பொய்யை வைத்துக்கொண்டு டீ குடிக்க மனம் வராமல் தம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "அப்படி ஒரு ஆளே இல்லை."

பல் டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"தெரியும் சார். அதைத்தான் பிரமைன்னு சொல்றோம்."

"அது இல்லை டாக்டர். நிஜமாவே இல்லை. நான் பார்க்கவே இல்லை."

"அப்படித்தான் சார் குணமாகும். முதல்ல இல்லைன்னு தெரியும். அப்புறம் பார்க்கவே இல்லைன்னு தோணும்."

"ஐயோ, நான் சொன்னது பொய்."

"கண்ணு சொன்ன பொய்," என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

கிடங்குக்காரர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். மனைவி டீயை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. அந்த வெயிலிலும் புது மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நடந்தார் கிடங்குக்காரர்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை, செருப்போட நின்னீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் அவங்களையெல்லாம் வரவழைச்சே? என்னை மட்டும் இழுத்துட்டுப் போய் அலமாரியைத் தூக்க வச்சிருந்தா போதுமே?"

மனைவி பையைக் கை மாற்றிக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல போன் வரும்ங்க. மிஷின் சத்தம் போடுது, மாத்திக் குடுன்னு கத்துவாங்க. ஆள் போய்ப் பார்த்தா மிஷின் நல்லாத்தான் இருக்கும். தரை மேடுபள்ளமா இருக்கும். அவங்க சொல்ற புகார் பொய்தான். ஆனா ஏதோ ஒண்ணு சரியில்லைங்கறது நிஜம்."

"புரியலை."

"அந்த ஆள் என்ன பேசறார்னு கேட்டேன். பொய் சொல்றவங்க பெருசா ஏதாவது சொல்லுவாங்க. 'என்னைக் காப்பாத்து'ன்னு கத்தறார்னு சொல்லுவாங்க. நீங்க, சாப்பாடு நல்லா இருக்கான்னு கேட்பார்னீங்க. இத்தனை வருஷமா டப்பா கட்டிக் குடுக்கறேன். ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லைன்னு அப்பத்தான் தோணுச்சு."

கிடங்குக்காரர் நடையை நிறுத்திவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தார். ஆவிகூட வரவில்லை. கடைசியில் மனைவி கையில் இருந்த பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். மனைவியும் கொடுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம், உருளைக்கிழங்கு அறையில் அவர் டப்பாவைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது.

"சாப்பாடு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"குளிர் ஜாஸ்தியா?"

"மேல்சட்டை போட்டிருக்கேன்." போனை வைக்கப் போனவருக்கு ஏதோ தோன்றியது. "உன்னை இன்னிக்கு யாரெல்லாம் திட்டினாங்க?"

மனைவி சொல்ல ஆரம்பித்தார். மிஷினுக்குள் பூனையைப் பூட்டிவிட்டவர், சோப்புத் தூளுக்குப் பதில் சுண்ணாம்பைப் போட்டவர் என்று ஒவ்வொருத்தராக வந்தார்கள். உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு கிடங்குக்காரர் சிரித்தார். அந்த அறையில் யாராவது சிரித்து அவர் கேட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம் அவர் வீட்டு ஹாலில் நேரிலேயே நடந்தது. நோயாளியைப் பார்க்க வந்த மாதிரியும் ஆயிற்று, எபிசோடுக்கு முடிவு கட்டின மாதிரியும் ஆயிற்று. மனைவி அந்த எபிசோடைப் பார்த்ததே இல்லை என்பதால் முதலில் எல்லாருமாக உட்கார்ந்து அதைப் போட்டார்கள். ஒவ்வொரு நிமிஷமும் நிறுத்தி நிறுத்தி கிடங்குக்காரர் மனைவிக்கு விளக்கினார். இது கட்டுப்பாட்டு அறை, இது ஆக்ஸிஜன் குழாய், இங்கேதான் உன்னிப்பாகக் கவனிக்கணும். மனைவி தலையாட்டிக்கொண்டே பார்த்தார். கடைசியில் இரண்டு தட்டு பளபளத்தது. படம் இருட்டானது.

பல் டாக்டர் பிரமை என்றார். தையல்காரம்மா நிஜம் என்றார். கிடங்குக்காரர் இரண்டு பக்கமும் பேச உரிமை பெற்றவர் என்பதால் இரண்டு பக்கமும் பேசினார். வாதம் அனல் பறந்தது.

"அக்கா ஒண்ணும் சொல்லலையே," என்றார் கமா. அந்த வாரம் அவருக்கு முற்றுப்புள்ளி தாராளமாக வந்தது.

"அவளுக்கு இதெல்லாம் புதுசு," என்றார் கிடங்குக்காரர் பெருந்தன்மையாக. "ஆனாலும் கேட்போம். ஏம்மா, உனக்கு என்ன தோணுது? சமையல்காரர் இருக்காரா, இல்லையா?"

"இருக்கார்," என்றார் மனைவி. "காவலாளிதான் இல்லை."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"சமையல்காரர்தான் அங்க தனியா மாட்டிக்கிட்டார். துணைக்கு ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு தட்டு வைக்கறார்."

பல் டாக்டர் மெல்ல எழுந்து நின்றார். "இதுக்கு ஆதாரம்?"

"நீங்களே பார்த்தீங்களே. சமைக்கறது யாரு? சமையல்காரர். பரிமாறறது? அவர். கழுவறது? அவர். காவலாளி படம் பூரா என்ன பண்றான்? நாற்காலியில உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கான். ஒரு தம்ளரையாவது எடுத்து வச்சானா?" மனைவியின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "வேலை செய்யறவங்க இருக்கறதுல எனக்குச் சந்தேகமே வராது. உட்கார்ந்து பேசறவங்கதான் நிஜமா இருக்காங்களான்னு பார்க்கணும்."

இத்தனை நாள் சண்டையில் இது யாருக்கும் தோன்றவில்லை. தையல்காரம்மா கைதட்டினார். பல் டாக்டர் ரிமோட்டை எடுத்து, எபிசோடை முதலிலிருந்து திரும்ப ஓடவிட்டார். காவலாளி பேசிக்கொண்டிருந்தான். சமையல்காரர் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிடங்குக்காரர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. பிரம்பு நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தார். எல்லாருடைய காலி டீ தம்ளர்களையும் ஒன்றொன்றாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

வழியில் உட்கார்ந்திருந்த மனைவி காலை மடக்கி இடம் விட்டபடி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கண்ணுக்குத் தெரியறீங்க."